மாசிப் பனியில் கடைசி வேட்டை

அந்திக் கதிரவன் மேலைச் சிகரத்தின் தோளில் சாய்ந்து, உறைபனி போர்த்துக் கிடந்த வெண்கோட்டு மலைச் சாரலையெல்லாம் பொன்மயமாக்கிக் கொண்டிருந்த அந்த வேளையில், வாசகர்களே, மூவர் பனியின் மீது ஓசைப்படாமல் நடந்து கொண்டிருந்தார்கள். முன்னால் நடந்தவள் அம்மலையை ஆண்ட வேள் பெருஞ்சாத்தனின் மகள் தத்தை. அவளைத் தொடர்ந்து வில்லேந்தி வந்தவன் கொங்குநாட்டுக் குதிரைப் படைத்தலைவன் கண்டன் இரவி. அவனுடைய மூட்டையைச் சுமந்து கடைசியில் வந்தவன், கம்பளியால் முகத்தை மூடிய, காது மந்தமான கிழவன். விறகென்று வழியில் எதையெதையோ பொறுக்கி மூட்டையில் செருகிக்கொண்டே வந்தான்.

மலைப்பெண்ணை விரும்பும் அயலான், மாசி மாதத்துக் கடைசி வேட்டை நாளில், கதிர் மறையுமுன் கலைமானின், அதாவது ஆண்மானின், கொம்போடு வரவேண்டும் என்பது அம்மலையின் முறை. அதுவரை பெண்ணின் தந்தை அவனுக்கு முகம் காட்டமாட்டார். பெண் உடன் வரலாம். ஆனால் வேட்டையைப் பற்றி வாய் திறந்தால் திருமணம் இல்லை. சினைமானைக் கொன்றாலோ, அவனுக்கு அந்த மலையே இல்லை.

"பெரியவரே, உங்கள் வேளின் மீசையில் அணில் கூடு கட்டியிருக்கிறதாமே?" என்றான் கண்டன்.

"ஆங்? என்ன சொன்னீர்?"

"ஒன்றுமில்லை, நீர் நடவும்!"

தத்தை சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

அப்போது கண்டன் பனியில் அகன்ற குளம்புச் சுவடு ஒன்றைக் கண்டான். 'பெரிய கலைமான்!' என்று அவன் உள்ளம் துள்ளியது. காலையில் பதிந்த சிறு சுவடு, உச்சி வெயிலில் உருகி அகன்று, மாலையில் மீண்டும் உறைந்திருந்தது என்பதைச் சமவெளியில் பிறந்தவன் எப்படி அறிவான்? புதருக்குப் பின்னே பழுப்பு முதுகு அசைந்தது. நாண் காதுவரை வந்தது.

புதரின் இடைவெளியில் அதன் வயிற்றைத் தத்தை பார்த்துவிட்டாள். பேசினால் அவனை இழப்பாள், பேசாவிட்டால்?

"எய்யாதீர்கள்! அது சினைமான்!"

எப்படித் தெரியும் என்றுகூடக் கேளாமல் கண்டன் வில்லைத் தாழ்த்தினான். கனத்த வயிற்றோடு பெண்மான் மெல்ல அப்பால் சென்றது.

"என்ன காரியம் செய்தாய், தத்தை!" என்றான் கண்டன். பிறகு கிழவனிடம் திரும்பினான். "போய்ச் சொல்லும் பெரியவரே, உம் வேளிடம். நான் தோற்றேன்."

கம்பளி விலகியது. அணிலென்ன, கீரியே குடியிருக்கத்தக்க மீசையொன்று அந்தி வெயிலில் பளபளத்தது!

"அவள் பேசியதற்குச் சாட்சி யார்?" என்றார் பெருஞ்சாத்தன். "இந்தச் சுமைக்காரன் ஒருவன்தானே? அவனுக்குத்தான் காது கேளாதே!"

"ஆனால்... கொம்பு?"

மூட்டையிலிருந்து, பனிக்காலத்து இறுதியில் கலைமான் உதிர்த்துப் போட்ட கிளைக்கொம்பு ஒன்றை அவர் உருவினார். "இந்த மூட்டை யாருடையது, தம்பி?"

"எ... என்னுடையது."

"அப்படியானால் இதுவும் உம்முடையதே. வெயில் போகுமுன் வாங்கிக்கொள்ளும்."

கண்டன் கொம்பைத் தத்தையின் காலடியில் வைத்து, வில்லைத் தொட்டான். "இந்த மலையில் இனி உன் சொல் கேளாமல் என் நாண் ஒலிக்காது. இந்த வில்லின்மேல் ஆணை!"

"முதலில் எந்தையின் மீசையிடம் மன்னிப்புக் கேளுங்கள்" என்றாள் தத்தை, கண்களைத் துடைத்தபடி.