இடப்பக்கம் தொடங்கிய கொலர்

ஒருவர் தைத்துக் காட்டினால் அதேபோல் தானே தைக்கும் புது இயந்திரம் வந்து நாற்பத்தேழு மணிநேரம் ஆகியிருந்தது. வியாழன் காலை ஒன்பது மணி. ஒருகொடவத்தை ஆடைத் தொழிற்சாலையில் அதை முடுக்கினார்கள்; ஊசி அசையவில்லை. சட்டைக் கொலர் தைக்க அதற்குப் பழக்கியிருந்த முறை முழுவதையும் யாரோ அழித்திருந்தார்கள்.

"ரஜனிதான்," என்றான் மேற்பார்வையாளன் சாரங்கன். "நேற்றுக் கடைசியாப் போனது அவள். இந்த மெஷினால வேலை போற எட்டுப் பெட்டையளின்ர பேரையும் நேற்றுத்தான் வாசிச்சனான். பத்து மணிக்கு எங்கட சட்டை வாங்கிற வெளிநாட்டு பையர்மார் வருகினம், அவைக்கு முன்னால புதுக் கொலர் ஒண்டு பழக்கிக் காட்ட இருந்தனான். எல்லாம் நாசம். இந்தத் தோட்டத்து ஆக்களை நம்பேலாது. யதுஷா, நீர் எங்கட ஆள். கதைச்சு ஒப்புக்கொள்ள வையும். இல்லாட்டிப் பொலிஸ்."

வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸேறி வரும் யதுஷா தரப் பரிசோதனை மேசைக்காரி. 'எங்கட ஆள்', தோட்டத்து ஆள் என்ற அந்தப் பிரிப்பு அவளை மீன்முள்ளாகக் குத்தியது. இயந்திரப் பயிற்சிக்கு அவன் எடுத்த நாலு பேரும் ஆண்கள் என்பதும் நினைவுக்கு வந்தது.

ரஜனி பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்துப் பெண். கொட்டாஞ்சேனை போர்டிங்கில் இருந்தாள். பக்கத்து மெஷினில் அவளுடைய சின்னம்மா இராமலெட்சுமி. வேலைக்குக் கூட்டிவந்தவளும் அவள்தான்.

"நீர் அழிச்சனீரா, ரஜனி?"

"இல்லீங்க மிஸ்."

"நேற்று ஏன் பிந்திப் போனனீர்?"

ரஜனி சின்னம்மாவைப் பார்த்தாள். கையிலிருந்த நூல்வெட்டியைத் திறந்து திறந்து மூடினாள்.

"அவள் எல்லாம் மாறித்தான் செய்வாள், மிஸ்," என்றாள் முன் மெஷினில் தைக்கும் றோஸி. "சாப்பிட மட்டும்தான் சோத்துக்கை."



யதுஷா தன் மேசைக்குப் போனாள். நேற்று இயந்திரம் தைத்த கொலர்கள் கட்டாகக் கிடந்தன. தையல் தொடங்கும் முனையில் மட்டும் நூல் இரட்டித்து ஓடும். பழக்கிய கை எங்கே தொடங்கியதோ, இயந்திரமும் அங்கேதான் தொடங்கும். ஒன்றைப் புரட்டினாள். பிறகு கட்டு முழுவதையும்.

"சேர், மெஷினுக்குப் பழக்கினது ஆர்?"

"நான்தான். அதுக்குத்தானே புதுப் பகுதியை என்னட்டத் தருகினம்."

"எவ்வளவு நேரம் எடுத்தது?"

"பத்து நிமிசம்."

"அப்ப இன்னொருக்காப் பழக்குங்கோ. பையர்மார் வர முதல் முடிச்சிடலாம்."

எட்டுப் பெண்களும் எழுந்து வந்தார்கள். சாரங்கனுக்கு உட்காராமல் இருக்க வழியில்லை. இயந்திரத்தைப் பழக்கும் நிலைக்கு மாற்றி, துணியை ஊசிக்கடியில் தள்ளினான். முதல் வளைவிலேயே அது சுருண்டு மாட்டிக்கொண்டது.

"புதுக் கொலர் பழக்க உங்களுக்குத் தெரியாது," என்றாள் யதுஷா. "மெஷின் பழுதெண்டா காட்டத் தேவையில்லை. பழியை ஒரு பெட்டையில போட்டா உங்கட பதவியும் தப்பும். அழிச்சது நீங்கள்."

"விசர்க்கதை! அப்ப பழக்கினது ஆர்?"

யதுஷா கொலரை உயர்த்தினாள். இரட்டைத் தையல் இடப்பக்கம். "இந்த வரிசையில எல்லாரும் வலப்பக்கத்தாலதான் தொடங்குவினம்," என்றாள். "ஒரு ஆளைத் தவிர."

றோஸி மெல்லத் திரும்பினாள். ரஜனியின் இடக்கையில் நூல்வெட்டி அசையாமல் நின்றது.

"நம்ம ரெண்டு பேரையும் வேலையில இருந்து நிப்பாட்ட மாட்டேன்னு சேர் சொன்னாரு," என்றாள் ரஜனி சின்னம்மாவிடம். "நேத்து பேரு வாசிக்கையில உங்க பேரும் இருந்துச்சு. எல்லாரும் போனப்புறம் புதுக் கொலரும் பழக்கச் சொன்னாரு, மாட்டேன்னுட்டேன்."

இராமலெட்சுமிக்கு இன்னும் விளங்கவில்லை. "என்னடி சொல்ற?"

"அதுக்குத் தைக்கச் சொல்லிக் குடுத்தது நாந்தான், சின்னம்மா."