ஓசை விழுங்கும் அறை

கம்ப்ரசரை நிறுத்திப் பத்து நிமிடமாகியும் ஒலிமானியின் முள் கீழே இறங்கவில்லை.

நோயாளிக்கு மூச்சுக்காற்று கொடுத்தபடியே அவர் தூக்கத்தைக் கெடுக்காத கம்ப்ரசர் ஒன்றைச் செய்துவிட வேண்டுமென்று நாலு வருடமாக மல்லுக்கட்டியவள் சிர்க்கா. நாளைக் காலை ஹெல்சிங்கியிலிருந்து ஆஸ்பத்திரிக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் வேண்டாமென்றால் கம்பெனி இந்த ஆராய்ச்சிப் பிரிவையே மூடிவிடும். சுவர், கூரை, கீழே ஆள் உயரப் பள்ளம் எல்லாவற்றிலும் கூர்கூராகப் பஞ்சு பதித்து, ஓசையை அப்படியே விழுங்கும் அந்தச் சோதனை அறையில், பள்ளத்துக்கு மேல் இழுத்துக் கட்டிய கம்பிவலையில், ரப்பரும் சூடான எண்ணெயும் கலந்த வாடையை முகர்ந்தபடி, தன் ரத்தம் ஓடுவதே காதில் இரைய, அவள் நின்றிருந்தாள்.

"பென்த்தி, நிஜமாவே நிறுத்திட்டியா?"

பக்கத்து அறையில் திரைக்கு முன்னால் இருந்த பென்த்தி, அவள் ஒரு காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் சிரித்தான். "பிளக்கையே பிடுங்கிட்டேன்மா. உன் வயிறுதான் உறுமுது. வியாழக்கிழமை கேன்டீன்ல பட்டாணி சூப் போடுறாங்கன்னா ரெண்டு தட்டா குடிக்கிறது?"

அவள் சிரிக்கவில்லை. அவள் காதில் விழுந்தது மூச்சு. ஈரமான, நிதானமான மூச்சு. அவள் மூச்சைப் பிடித்தாள். அதுவும் நின்றது. விட்டாள். கொஞ்சம் பொறுத்து, அதுவும் விட்டது.

"சத்தம் எங்கேருந்து வருது? திரையில ஒலி மேப்புல பாரு."

ஹெட்போனில் அவன் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"சிர்க்கா... நாலு அடி தள்ளி நில்லேன்."

நின்றாள். வலை அதிர்ந்து அடங்கியது.

"என்ன தெரியுது?"

"சிவப்புப் புள்ளி உன் காலுக்கு அடியில இருக்கு." அவன் குரல் தேய்ந்திருந்தது. "நீ நகர்ந்தா நகருது. வந்துடு. கதவைத் திறக்கிறேன்."

நடந்தாள். ஒவ்வோர் அடிக்கும் உள்ளங்காலில் ஓர் எதிர் அழுத்தம். கம்பிதான். கம்பி அப்படித்தான் உந்தும். பத்து அடி. ஆறு. நாலு.

கனத்த கதவு திறந்தது. நடைவழி வெளிச்சம் சாய்ந்து வந்து வலைக்குள் இறங்கியது. வாசலில் நின்ற பென்த்தி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தான்.

சிர்க்கா குனிந்தாள்.

அவள் ஷூவுக்கு நேர் கீழே, வலையின் மறுபக்கத்தில், இரண்டு வெறுங்கால்கள். வெளுத்தவை. உள்ளங்கால்கள் மேல்நோக்கி, அவள் பாதங்களோடு ஒட்டி. தலைகீழாய் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள்.

வலது காலைத் தூக்கப் பார்த்தாள். வரவில்லை.

கம்பிகளுக்கு இடையே நீண்டு வந்த பத்துக் கால்விரல்கள், அவள் ஷூக்களின் ஓரங்களை மெல்ல வளைத்துப் பிடித்துக்கொண்டிருந்தன.