குளத்துக்கு அக்கரையில்

ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை.

இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அக்கா வாயை மூடி அவள் பார்த்ததே இல்லை. தூக்கத்தில்கூட யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பவள். காலையில் வேனில் வரும்போது டிரைவரின் மாமியார் தகராறு வரைக்கும் விசாரித்து, தீர்ப்பும் சொல்லி முடித்திருந்தாள். அப்படிப்பட்டவள், சரணாலய வாசலைத் தாண்டி மண்பாதையில் ஜீப் குலுங்கத் தொடங்கியும், கைக்கெட்டும் தூரத்துக் கிளையில் மயில் ஒன்று தோகை தொங்க உட்கார்ந்திருந்ததைக் கண்டும், மடியில் கைவைத்தபடி நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோபமாக இருக்கும். கோபத்துக்குக் காரணமும் இருந்தது. அதை நினைத்ததும் அவளுக்குக் காது மடல் சுட்டது.

மத்தியானம் காட்டின் ஓரத்திலிருந்த பழைய பௌத்த மடத்தைப் பார்க்கப் போயிருந்தார்கள். செங்கல் சுவர்களும் கருங்கல் தூண்களுமாக இடிந்து கிடந்த இடம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். கல் அடுப்பாய்ச் சுட்டது. மற்றவர்கள் நிழல் பார்த்து நாசூக்காகக் கால் வைக்க, அக்கா மட்டும் கிளிப்பச்சைச் சேலையைத் தூக்கிப் பிடித்து, செருப்பு வைத்த பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்து, துள்ளித் துள்ளி வந்தாள். பாறையில் படுத்த கோலத்தில் செதுக்கியிருந்த பெரிய புத்தரின் முன்னால் எல்லோரும் குரலடக்கி நின்றபோது, "தூங்குறாரா, இல்ல போய்ச் சேர்ந்துட்டாரா?" என்று வழிகாட்டியிடம் உரக்கக் கேட்டாள். பிறகு புத்தரின் பாதத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்து, சேலையை முழங்கால் வரை ஏற்றி, மூட்டுவலித் தைலத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

வேறொரு வேனில் வந்திருந்த டாக்டரும் அவர் மனைவியும் அப்போதுதான் தங்கையோடு பேச்சுக் கொடுத்திருந்தார்கள். மென்மையாகப் பேசிய அந்த மனைவி, சிற்பத்தைப் பற்றி அவளுடைய அபிப்பிராயத்தைக் கேட்டது அவளுக்குப் பெருமையாக இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் தைல வாடை அங்கே வந்து சேர்ந்தது. டாக்டரின் மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"பாவம், தனியா வந்திருக்காங்க போல. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"இல்லையே. யாருன்னு தெரியல."

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. சொன்னதில் ஒரு ஆதாயமும் இல்லை. இனி ஜென்மத்தில் பார்க்கப்போகாத ஒருத்தி இரண்டு நிமிடம் மதிப்பாக நினைக்க வேண்டும், அவ்வளவுதான். திரும்பியபோது அக்காவின் கை முழங்காலில் அப்படியே நின்றிருந்தது. காதில் விழுந்துவிட்டது. அக்கா திட்டவில்லை. சுவரைப் பிடித்து மெல்ல எழுந்து, துறவிகள் ஒருகாலத்தில் குடியிருந்த செங்கல் அறைகளில் ஒன்றுக்குள் குனிந்து போனாள். பின்சுவர் சரிந்து காட்டுப் பக்கம் திறந்து கிடந்த அறை அது. பின்னாலேயே போய்க் கையைப் பிடித்திருக்கலாம். டாக்டர் தம்பதி நகரட்டும், பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம் என்று அவள் நின்றுவிட்டாள்.

வழிகாட்டி எல்லோரையும் அழைத்தபோது அக்கா ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். டாக்டர் தம்பதிக்கும் அதே ஜீப்பில்தான் இடம் கிடைத்தது. அவர்கள் நடு இருக்கையில். பின்னால் அக்காவும் அவளும்.

அவர்கள் காதுபட அவளால் "அக்கா" என்று கூப்பிட முடியவில்லை.

மரங்களின் நிழல் நீண்டு பாதையை மூடிக்கொண்டு வர, எங்கோ ஒரு பறவை விட்டுவிட்டுக் கத்தியது. குலுக்கலில் அக்காவின் தோள் அவள் தோளோடு உரசியபோது, தைல வாடை வரவில்லை. வேறு ஏதோ வாடை. மழைக்காலத்தில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வருமே, ஈரச் செங்கல்லும் வௌவால் எச்சமும் கலந்து, அது. மடத்து அறைக்குள் போயிருந்தாளே, ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஜீப்பின் உயரமான படியில் அக்கா யாரையும் பிடிக்காமல் ஏறியிருந்தாள். வீட்டு வாசல்படிக்கே "கையக் குடுடி" என்பவள்.

குனிந்து பார்த்தாள். வெறும் பாதங்கள். செருப்பும் இல்லை, பையும் இல்லை. அத்தனை தூரம் புழுதியில் நடந்த பாதங்களில் தூசியே இல்லை.

டாக்டரின் மனைவி பின்னால் திரும்பி, இணக்கமாகக் கேட்டாள்.

"நீங்க யாரோட வந்தீங்கம்மா?"

"யாரோடவும் வரல." அக்காவின் குரல்தான். ஆனால் ஏற்ற இறக்கமே இல்லாமல், பாடத்தை ஒப்பிப்பது போல. "இப்பதான் போறேன். இவங்க கூட."

டாக்டரின் மனைவி சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். பக்கத்திலிருந்து ஒரு கை வந்து தங்கையின் கைமேல் உட்கார்ந்தது. குளிர்ந்திருந்தது. கனமாக இருந்தது. இது என் அக்கா இல்லை என்று கத்த நாக்கு எழுந்தது. நீங்கதான் யாருன்னு தெரியலன்னு சொன்னீங்களே என்பார்கள்.

குளக்கரையில் ஜீப் நின்றது. டிரைவர் இஞ்சினை அணைத்து, யாரும் இறங்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்றார். யானைகள் நீரில் இறங்கிக்கொண்டிருந்தன. வெளிச்சம் கலங்கி மங்கிக்கொண்டிருந்தது.

"அக்கரையில யாரோ நிக்கிற மாதிரி இல்ல?" என்றார் டாக்டர்.

கட்டையாக இருக்கும், அந்தப் பக்கம் மனிதர்கள் போக வழியே கிடையாது என்று டிரைவர் சொன்னார். டாக்டர் சமாதானமாகாமல் பைனாகுலரை அவளிடம் நீட்டினார். "என் கண்ணு சரியில்ல. நீங்க பாருங்களேன்."

விடுபட்டிருந்த மற்றக் கையால் வாங்கிப் பார்த்தாள்.

கிளிப்பச்சை. மடத்தின் பின்பக்கமாய் இடிந்து சரிந்த செங்கல் மேட்டின் அடியில், முழங்கால் வரை சேற்றில். மார்போடு அணைத்த பிளாஸ்டிக் பை. அக்கா ஒரு கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். ஜீப்பைக் கண்டுகொண்ட சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. இருவருக்கும் நடுவே யானைகள் நின்றன.

கைமேலிருந்த கை மெல்ல இறுகியது.

சொல்ல வேண்டும். சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அது யார், இது யார், மத்தியானம் தான் என்ன சொன்னாள் என்பதையெல்லாம். டாக்டரின் மனைவி அந்த மென்மையான கண்களால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் இல்ல" என்றாள்.

இஞ்சின் உறுமியது. ஜீப் திரும்பியது. அவள் பார்க்காமல் இருக்க முயன்றாள். பார்த்தாள். பச்சைப் புள்ளி கரையோரமாக நொண்டி நொண்டி ஓடி வந்தது. விழுந்தது. எழுந்தது. நீரின் மேல் மெலிதாக, இழுத்து இழுத்து, ஒரு குரல் வந்தது. வீட்டில் அவளை அக்கா மட்டும் கூப்பிடுகிற பெயர்.

"குட்டீ..."

பக்கத்தில் ஏதோ அசைந்தது. அந்த முகம் குளத்தின் பக்கம் திரும்பிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. உதடுகள் பிரிந்தன. சத்தமில்லாமல் ஒருமுறை. மறுபடி ஒருமுறை.

"கு... ட்டி."

பிறகு சரியாக. அக்காவின் இழுப்போடு, அக்காவின் செல்லத்தோடு.

"குட்டீ."

டாக்டரின் மனைவி திரும்பிப் புன்னகைத்தாள். "உங்களத்தான் கூப்பிடுறாங்க."

பாதை வளைந்தது. மரங்கள் குளத்தை மறைத்தன. அது அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, ஈர விரல்களால் அவள் தலைமுடியைக் கோத ஆரம்பித்தது.