பத்தாவது ஆள்

பட்டியலில் பத்தாவது வரிசையில் யாரோ எழுதியிருந்தார்கள்.

வேலைக்கு ஆள் தேடித் தரும் அந்தச் சின்ன அலுவலகத்தில், வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பத்துப் பேருடைய விவரம் பட்டியலில் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் அடுத்த வாரம் அவள் தனக்கே ஒரு வேலை தேடிக்கொள்ளலாம் என்று மேலாளர் போன மாதமே சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டார். 'ஆள் பிடிக்கிறவ' என்று அவள் தம்பி கேலி செய்கிற உத்தியோகம் அது. தகப்பன் இல்லாத எட்டு வயது மகளோடு அவள் நிமிர்ந்து நடப்பது அந்த உத்தியோகத்தால்தான். காலையிலிருந்து இணையத்தைச் சல்லடை போட்டுச் சலித்து, நாற்பது பேருக்குப் போன் போட்டு, தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசி, ஒன்பது பேரைத் தேற்றியிருந்தாள். பத்தாவது ஆள் சிக்கவில்லை. அதனால் அவளே ஒருவனை உண்டாக்கிவிட்டாள்.

வாயில் வந்த ஒரு பெயர். வயது முப்பத்து நான்கு. கிடங்கு மேற்பார்வையில் எட்டு வருட அனுபவம். விரல் போன போக்கில் ஒரு போன் நம்பர். விலாசத்துக்கு மண்டையை உடைத்துக்கொள்ளப் பொறுமையில்லாமல் தன் வீட்டு விலாசத்தையே அடித்துவிட்டாள். போட்டோ கட்டம் மட்டும் காலி. படம் தராதவர்களுக்கு வருகிற அந்தச் சாம்பல் நிறத் தலை, கண் மூக்கு வாய் எதுவும் இல்லாமல் அதில் உட்கார்ந்திருந்தது. திங்கட்கிழமை 'வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார்' என்று ஒரு வரி போட்டால் ஆள் ஒழிந்தான்.

இப்போது அவனுடைய குறிப்புக் கட்டத்தில் ஒரு வரி இருந்தது. 'பேசியாச்சு. ஆள் தயார். போட்டோ மட்டும் பாக்கி.'

அதை அவள் எழுதவில்லை.

வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் மறைப்புகளின் வழியே வந்த வெளிச்சம் பழைய எண்ணெய் மாதிரி மேசைகள்மேல் பிசுபிசுத்தது. ஈரக் குடையும் சூடேறிய கம்பியும் கலந்த ஒரு வாடை. பின் மேசைக்காரரை எல்லோரும் வானொலி என்பார்கள், வாய் ஓயாத மனிதர். இன்றைக்கு மதியத்திலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"என் பட்டியல்ல கை வெச்சீங்களாண்ணே?"

"என் பட்டியலையே நான் ஒழுங்கா பாக்கறதில்ல. உன்னுதையா பாக்கப் போறேன்? ஆளை விடும்மா, டீ வாங்கிட்டு வரேன்."

சிரித்துக்கொண்டே படி இறங்கினார். அந்தச் சிரிப்பை அவள் நம்பவில்லை. மேலாளர்தான் இவரை வேவு பார்க்க வைத்திருக்க வேண்டும். பொய் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள், கையும் களவுமாகப் பிடிக்கக் காத்திருக்கிறார்கள். அவள் போட்ட நம்பரையும் தங்களுக்கு வருகிற மாதிரி மாற்றியிருப்பார்கள், கூப்பிட்டுப் பார்த்தால் அவர்கள் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று நினைத்து அடித்தாள்.

முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"சொல்லுங்க மேடம். உங்க போனுக்காகத்தான் உட்காந்திருக்கேன்."

மெதுவான ஆண்குரல். அதன் பின்னால் ஏதோ ஒன்று நிதானமாக இடித்துக்கொண்டிருந்தது. டொக். டொக். எங்கேயோ கேட்ட சத்தம்.

"இப்ப எங்க வேலை பாக்கறீங்க?"

"அதான் நீங்களே எழுதியிருக்கீங்களே மேடம்."

வானொலிதான். மாடிப்படியில் நின்று குரலை மாற்றிப் பேசுகிறார். பேசட்டும். தினமும் சொல்லித் தேய்ந்த வாய், கோபத்திலும் தன் பாட்டுக்குச் சொன்னது. "ஒரு போட்டோ அனுப்பிடுங்க. அஞ்சு மணிக்கு நேர்ல வந்துடுங்க."

"போட்டோவுக்கு முகம் வேணுமே மேடம். நீங்க தரலியே." டொக். "இங்க ஒரு நல்ல முகம் இருக்கு. எடுத்துக்கட்டுமா?"

"தாராளமா எடுத்துக்கோங்க," என்று வெடுக்கென்று சொல்லி வைத்துவிட்டாள்.

வானொலி இரண்டு கோப்பை டீயோடு திரும்பி வந்தபோது ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. "மழை பிடிச்சுக்கிச்சு. போனையும் இங்கயே விட்டுட்டுப் போயிட்டேன்," என்றபடி தன் மேசையில் சார்ஜரோடு கிடந்த போனைப் பிடுங்கி எடுத்தார். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்பை கையைச் சுட்டது. வைக்கத் தோன்றவில்லை.

டொக். டொக்.

ஆணி தளர்ந்த மின்விசிறி. அவள் வீட்டுக் கூடத்தில், சோபாவுக்கு நேர் மேலே. மூன்றரைக்குப் பள்ளி விட்டு வந்து, கழுத்தில் தொங்கும் சாவியால் கதவைத் திறந்து, மகள் அதற்குக் கீழேதான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள்.

வீட்டுக்கு அடித்தாள். விரல் இரண்டு தடவை தப்பியது.

"அம்மா, நீ அனுப்பின மாமா வந்திருக்காரு."

"நான் யாரையும் அனுப்பலடி! கதவைத் திறந்துட்டு வெளிய ஓடு. பக்கத்து வீட்டுக்குப் போ!"

"நம்ம விலாசம், உன் பேர் எல்லாம் சரியா சொன்னாரும்மா. ஆனா..." குரலைத் தாழ்த்தினாள். "அந்த மாமாவுக்கு மூஞ்சியே இல்லம்மா. சிரிக்கச் சொல்றாரு. போட்டோ எடுக்கணுமாம்."

க்ளிக்.

பிறகு மின்விசிறி மட்டும்.

"கண்ணு? கண்ணு!"

கணினியில் பத்தாவது வரிசை அசைந்தது. போட்டோ கட்டம் மேலிருந்து கீழாக நிரம்பத் தொடங்கியது. வகிடு. காலையில் அவளே எடுத்துவிட்ட வகிடு. இடது புருவத்தில் தையல் தழும்பு. கண்கள். போன வாரம் விழுந்த முன்பல்லின் ஓட்டை.

கீழே வயது முப்பத்து நான்கு.

மாடிப்படியில் காலடி. கனமான, நிதானமான காலடி. ஒவ்வொரு படியாக. எழுந்தாள்.

"யாரும்மா இந்நேரத்துக்கு? இன்டர்வியூவா?" என்றார் வானொலி, கதவுக் கண்ணாடியைப் பார்த்து. கோப்பை அவர் கையிலிருந்து விழுந்தது.

கதவு திறந்தது. ஐந்து மணி.

உயரமான ஆண் உடம்பு. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. அக்குளில் ஒரு பைல். கழுத்துப் பித்தானுக்கு மேலே, மழைத்துளி வழிய, அவள் மகளுடைய சின்ன முகம். பல் ஓட்டை தெரியச் சிரித்தது.

"சொன்ன நேரத்துக்கு வந்துட்டேன் மேடம்."

அவள் காதில் இன்னும் போன் இருந்தது. அந்தப் போனுக்குள், மின்விசிறிக்குக் கீழே, வாயில்லாத ஒரு பிள்ளை அம்மா என்று கூப்பிடப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ம்ம்... ம்ம்..."