சதுப்பில் பிறக்காத களிமண்

புனிதா ஒரு பிளாஸ்டிக் பையைச் சக்கீனாவின் மேசைமேல் பொத்தென்று போட்டாள். உள்ளே சாம்பல் நிறக் களிமண் கட்டி.

"எங்க வூட்டுக்குக் கீழ எடுத்ததாம். தண்ணி பட்டா ஊதுமாம், காஞ்சா சுருங்குமாம், அதான் சுவரு வெடிக்குதாம். மண்ணு மேலதான் தப்புன்னு ரிப்பேர் செய்ய மாட்டேன்றாரு காண்ட்ராக்டர். மழை வந்துட்டா நாங்க எங்கக்கா போவோம்?"

சக்கீனா ஈப்போவில் சிறிய மண் பரிசோதனைக்கூடம் நடத்துபவள். ஒரு துணுக்கைத் தண்ணீரில் போட்டாள். சற்று நேரத்தில் அது உப்பிப் பெருத்தது.

"அவரு சொன்னது சரிதானே! முடிஞ்சது லா" என்றான் உதவியாளன் தேவன்.

"இதுல ஒரு வேரு கூட இல்லியே" என்றாள் சக்கீனா.

அதோடு பையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள். இந்த அக்காவிடம் ஒரு விளக்கம் வாங்குவதற்குள் தலை நரைத்துவிடும் என்று தேவன் பல்லைக் கடித்தான்.

ஈப்போவை அடுத்த செமோரில், பழைய ரப்பர் தோட்டத்தின் தாழ்நிலத்தில் இருந்தது புனிதாவின் வீடு. பின்புறச் சதுப்பில் தேத்தண்ணீர் நிறத்தில் நீர் தேங்கியிருந்தது. தோண்டியது, வேறு யார், தேவன்தான். முழங்கால் ஆழம்வரை வேர் பின்னிய கறுப்புச் சேறு. அதன் கீழே வெள்ளைக் களிமண்.

"அந்த வெள்ளைக் களிய தண்ணியில போடு" என்றாள் சக்கீனா.

போட்டான். கரைந்து அடியில் படிந்தது, ஊதவில்லை. கொசு மட்டும் அவன் முகத்தை ஊதவைத்திருந்தது.

அப்போது காண்ட்ராக்டர் ஜெயபாலனின் சிறிய லாரி வந்து நின்றது. பின்னால் சாம்பல் தூள் படிந்த காலி மூட்டைகள்.

"என் டைம வேஸ்ட் பண்ணாதீங்க மேடம்."

"ஊதுற களி, தண்ணி வெளிய போக வழியில்லாத பழைய ஏரிங்கள்ல உண்டாகும்ணே. எரிமலைச் சாம்பல் உப்புத் தண்ணியில காலங்காலமா ஊறணும். இங்க சதுப்பு. இலை அழுகித் தண்ணி புளிச்சிருக்கு. மலையிலேருந்து அடிச்சிட்டு வந்த மண்ணுல உள்ள உப்பையெல்லாம் அந்தப் புளிப்பு அரிச்சிட்டுப் போயிடும். மிஞ்சுறது இந்த வெள்ளைக் களி, இது ஊதாது. நீங்க குடுத்த கட்டி, அஸ்திவாரத் தூணுக்குத் தோண்டுற பைலிங் குழி சரியாம இருக்க, தண்ணியில கரைச்சு ஊத்துற பவுடரு. உங்க மூட்டையிலயே ஒட்டியிருக்கு. பிசைஞ்சு காய வச்சிருக்கீங்க, அதான் அதுல ஒரு வேரும் இல்ல."

"எனக்கு எதுக்கு அந்த வேல?"

"நெசமாவே சுவரோரம் தோண்டியிருந்தா வேற ஒண்ணு தெரிஞ்சிருக்கும். தேவா, அங்க வெட்டு."

"அங்க வேணாம்!" ஜெயபாலன் குறுக்கே பாய்ந்தார்.

புனிதா தேவனின் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி, அவரைச் சுற்றிக்கொண்டு போய் வெட்டினாள். அஸ்திவார சிமெண்டுக்கு அடியிலிருந்து கறுப்புச் சேறு பிதுங்கியது. சதுப்பை வாரி எறியாமல் அதன் மேலேயே வீட்டைக் கட்டியிருந்தார். அது அமுங்க அமுங்கத்தான் சுவர் வெடித்திருந்தது.

"அடுத்த மாசம் ரிப்பேருக்கு ஆள் அனுப்புறேன்..." என்றார் ஜெயபாலன்.

"நாளைக்கு" என்றாள் புனிதா, மண்வெட்டியைக் கீழே வைக்காமல்.