நாற்காலிக்கு எட்டாத அடி

ஸ்பீக்கரில் பாஸ் என்கிற அடித்தொனி அதிர்வைக் கேட்டு வருகிறவர்களை சவுண்டுக்காரனுக்கு நன்றாகத் தெரியும். பதினெட்டு வருடமாக அதே கடை, அதே ஸ்டூல். வருகிற எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "நெஞ்சு அதிரணும்." சொல்லிவிட்டு அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸ் எண்ணைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அந்த எண்ணை நம்பி வாங்கினால் அதிரப்போவது நெஞ்சு இல்லை, ஜன்னல் கண்ணாடிதான் என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு அலுத்துவிட்டது. வீட்டுக்குப் போனாலும் அவன் பேச்சைக் கேட்க ஆளில்லை. நாற்பத்தாறு வயதில் ஒற்றை அறை, ஒரு தட்டு, ஒரு தம்ளர். கடையில் பாட்டை நிறுத்தியதும் ஒரு அமைதி வருமே, அதை அவன் தினமும் கூடவே அழைத்துக்கொண்டு போவான்.

அன்றைக்கு வந்த ஆர்டர் ஃபோனில் வந்தது. வெளியூரில் இருக்கும் ஒரு மகள் பேசினாள்.

"அப்பா ஹோம் தியேட்டர் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். நல்ல பாஸா வேணுமாம். என்ன கேக்குறாரோ அதையே வச்சுக் குடுத்துடுங்க. எதுக்குன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல."

மூன்று ஸ்பீக்கர் பெட்டிகளையும் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, மழை தூறிக்கொண்டிருந்த பிற்பகலில் அவன் போய்ச் சேர்ந்தான். தெருக் கடைசியில் இருந்தது வீடு. பெரிய கூடம். திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்ததால் உள்ளே மூன்று மணிக்கே இருட்டாக இருந்தது. கூடத்தின் நட்டநடுவில் ஜன்னலைப் பார்த்தபடி ஒரே ஒரு மர நாற்காலி. சமையலறை வாசல் அதன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வேறு சாமான் கிடையாது.

"டிவி எங்க சார் வைக்கப் போறீங்க?" என்று முன்னால் நடந்த பெரியவரிடம் கேட்டான்.

பதில் இல்லை. இன்னும் உரக்கக் கேட்டான். அப்போதும் இல்லை. பெரியவர் தற்செயலாகத் திரும்பியபோதுதான் அவன் வாய் அசைவதைப் பார்த்தார்.

"எனக்குக் காது சுத்தமா கேக்காது தம்பி. முப்பது வருஷம் தகடு அடிக்கிற மெஷின் பக்கத்துல நின்னவன். முகத்தைப் பார்த்துப் பேசுங்க. சத்தம் வேணாம், உதடு அசைஞ்சா போதும்."

காது கேட்காதவருக்கு ஹோம் தியேட்டர். வேறு நாளாக இருந்தால் கடையில் போய் ஒரு வாரத்துக்கு இதைச் சொல்லியே சிரித்திருப்பான். ஆனால் அந்தக் கூடத்தில் சிரிப்பு வரவில்லை. அங்கே எதுவோ தீய்ந்த வாடை, லேசாக, சுவரோடு ஒட்டிக்கொண்டு இருந்தது.

பெரியவர் சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் தரையைக் காட்டினார். அங்கே சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டிருந்தது.

"பெட்டி இதுக்குள்ள வரணும்."

"மூலையில வச்சாத்தான் சார் கனம் கிடைக்கும். வழியில வச்சா கால்ல இடிக்கும்."

"இதுக்குள்ள வரணும்" என்றார் மறுபடியும். சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்து, வெறும் பாதங்களைத் தரையில் அழுத்தி, கைப்பிடிகளில் உள்ளங்கைகளை வைத்துக்கொண்டார். காது போனாலும் கையும் காலும் கேட்கும் என்று அவனுக்குப் புரிந்தது.

முதலில் பதினைந்து அங்குலப் பெட்டியை வைத்தான். முன்பக்கம் காற்றுத் துளை வைத்த ரகம். சினிமாவில் கட்டடம் இடிந்து விழுந்தால் வீட்டிலேயே விழுகிற மாதிரி இருக்கும். மேள ஒலி ஒன்றைப் போட்டான். தூம்ம்ம் என்று கூடம் முழுக்கப் பரவி, மெதுவாக அடங்கியது.

பெரியவர் தலையை ஆட்டினார். கைப்பிடியில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டிக் காட்டினார்.

"இப்படி வேணும். விழுந்ததும் நின்னுடணும். வால் இருக்கக்கூடாது."

பதினெட்டு வருடத்தில் இவ்வளவு சரியாகக் கேட்ட வாடிக்கையாளர் இவர் ஒருவர்தான். அவனுக்குக் கை பரபரத்தது. துளை இல்லாத, நாலாபுறமும் மூடிய பன்னிரண்டு அங்குலப் பெட்டியை மாற்றினான். சின்ன ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிவிட்டு, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் பெரியதை மாட்டினான். ஸ்பீக்கர் கூம்பைத் தள்ளிவிட எந்த ஆம்ப்ளிஃபயராலும் முடியும். தள்ளியதை அந்த நொடியே பிடித்து நிறுத்தத்தான் சரக்கு வேண்டும். அது இதில் இருந்தது.

டப். டப். டப்.

சமையலறைப் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. திரைச்சீலை நடுங்கியது. சாக்பீஸ் கட்டத்தின் பக்கத்தில் நின்ற அவன் வயிற்றில் ஒவ்வொரு அடியும் குத்து மாதிரி விழுந்தது.

"வரல" என்றார் பெரியவர்.

இன்னும் ஏற்றினான். மேலே பல்பு ஆடியது.

"வரல தம்பி."

அவரை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து பார்த்தான். காதுக்குக் கேட்டது, உடம்புக்கு ஒன்றுமே வரவில்லை. ஒரு நிமிடத்தில் விஷயம் பிடிபட்டது. அவர் எதிரில் போய் நின்று, வாயை நிதானமாக அசைத்துச் சொன்னான். "பாஸ் நாலு சுவத்துலயும் பட்டுத் திரும்பும் சார். சில இடத்துல ஒண்ணை ஒண்ணு அடிச்சு அழிச்சுடும். நாங்க பள்ளம்னு சொல்லுவோம். உங்க நாற்காலி சரியா அந்தப் பள்ளத்துல இருக்கு. ஒரு அடி நகர்த்தினா போதும்."

"நகர்த்தக்கூடாது. அன்னைக்கு இது இங்கதான் இருந்துச்சு."

"என்னைக்கு சார்?"

பெரியவர் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பார்வையைத் தரைக்குக் கொண்டுபோனார்.

"ஏழு மாசம் ஆச்சு. நான் இங்க உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தேன், என் சம்சாரம் அடுப்படியில இருந்தா. பால் தீய்ற வாடை வந்துச்சு. என்னடா இவ அடுப்பை மறந்துட்டாளான்னு திரும்பிப் பார்த்தா, அந்தக் கட்டம் போட்டிருக்கேனே, அங்க கெடக்கா. விழுந்து ஒரு மணி நேரம் உயிர் இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னார். ஒரு மணி நேரம், தம்பி. அவளோட உள்ளங்கை கன்னிப்போயிருந்துச்சு. தரையை அடிச்சுக் கூப்பிட்டிருக்கா. அவ என்னை எப்பவும் அப்படித்தான் கூப்பிடுவா."

மழை வலுத்தது. அவருக்கு அது தெரியவில்லை.

"அன்னைக்கு ஏதோ அதிர்ந்த மாதிரி ஒரு ஞாபகம். லாரி போகுதுன்னு நினைச்சு விட்டுட்டேனா, இல்ல எதுவுமே வரலையா, அதுதான் எனக்குத் தெரியணும். வந்தும் நான் எழுந்திரிக்காம இருந்திருந்தா..."

இதற்காகத்தான் பாஸ். இதற்காகத்தான் இத்தனை பெட்டிகள்.

அவன் பெட்டியை ஒதுக்கினான். பெரியவரைக் கட்டத்துக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னான். "நீங்க அடிங்க சார், கையால. நான் நாற்காலியில இருக்கேன்."

பெரியவர் முழங்காலிட்டுத் தரையை அடித்தார். முதலில் மெல்ல, பிறகு பலமாக, கடைசியில் வெறிபிடித்தவர் போல. அவன் செருப்பைக் கழற்றி, கண்ணை மூடி, கைப்பிடிகளில் உள்ளங்கைகளை வைத்துக் காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. கடுகளவுகூட வரவில்லை.

எழுந்து போய் அவர் கையைப் பிடித்து நிறுத்தினான். "வரல சார். சத்தியமா வரல. உங்க மேல தப்பே இல்ல."

பெரியவர் அவன் தோளில் முகத்தை வைத்து அழுதார். காது கேட்காதவர்களின் அழுகைக்கு அளவு தெரியாது. அது கூடம் முழுக்கக் கேட்டது. ஒருவழியாக அடங்கி, முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனார்.

அவன் ஆம்ப்ளிஃபயரை அணைத்தான். வயர்களைப் பிடுங்கினான். எல்லாவற்றையும் கட்டி வைத்துவிட்டு, ஆட்டோ வரும்வரை உட்காரலாம் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

டப்.

பாதத்தில் வந்தது. சத்தம் இல்லை, அடி மட்டும்.

பெரியவர் திரும்பி வந்து மறுபடியும் அடிக்கிறார் என்று நினைத்துத் திரும்பினான். சமையலறை வாசலில் யாரும் இல்லை. கொல்லையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

டப். டப்.

சுருக்கமான, வால் இல்லாத அடி. எந்தப் பெட்டியாலும் கொடுக்க முடியாத சுத்தம். பிடுங்கிய வயர்கள் அவன் கண்ணெதிரே தரையில் கிடந்தன.

எழுந்து நின்றான். நின்றுபோனது.

உட்கார்ந்தான். வந்தது.

இப்போது இடைவெளி கூடியிருந்தது. அடி தளர்ந்திருந்தது. அடிக்கிற கைக்கு வலிக்கிறது என்பது அவனுக்குக் கால் வழியாகத் தெரிந்தது. தீய்ந்த பால் வாடை சுவரை விட்டு இறங்கி மூக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"என்ன தம்பி, முகம் வெளிறிப்போச்சு?"

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்து நின்றார். ஏழு மாதப் பாரம் இறங்கிய முகம்.

அவன் உதடுகளை அசைத்தான். "ஒண்ணுமில்ல சார்."

அவன் எழுந்ததும் பெரியவர் உட்கார்ந்தார். பாதத்தை அழுத்தவில்லை, கையையும் வைக்கவில்லை. தலையைச் சாய்த்து இரண்டு நிமிடத்தில் தூங்கிப்போனார். அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். மரத்தின் வழியாக அவன் விரல்களுக்கு அது வந்துகொண்டே இருந்தது. தூங்குகிறவருக்கு வரவில்லை.

அவனுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடப் பாவமாக இருந்தது. ஏழு மாதமாகக் கூப்பிட்டும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது எப்படி இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கட்டத்தின் அருகே போய்க் குந்தினான். தரை ஈரமாகவும் இளஞ்சூடாகவும் இருந்தது. உள்ளங்கையை அதன்மேல் வைத்தான்.

"அவருக்கு வரலம்மா" என்றான் மெல்ல. "அவர் வேணும்னு பண்ணல. அவரை விட்டுடுங்க. எனக்குக் கேட்டுச்சு."

அடி நின்றது.

மழையும் அந்த நேரத்தில் நின்றதுபோல் இருந்தது.

பிறகு, தரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சரியாக அவன் உள்ளங்கையில், ஒரே ஒரு தட்டு.

அவன் எப்படி வெளியே வந்தான், பெட்டிகளை எப்படி ஆட்டோவில் ஏற்றினான் என்பதெல்லாம் அவனுக்கே நினைவில்லை. கடையில் இறக்கிவிட்டு, யாரிடமும் பேசாமல் பஸ் ஏறினான். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனான். தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. மாடிப்படி ஏறி அறை வாசலுக்கு வந்தபோது, காலையில் போட்ட பூட்டு போட்டபடியே தொங்கியது. நிம்மதியாக ஒரு மூச்சு விட்டான்.

டப்.

செருப்பைத் தாண்டி, பாதத்தில். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

திரும்பிப் போய்விடலாம். போவதற்கு இடம் எது? யோசித்துப் பார்த்தான், ஒரு வாசல்கூட நினைவுக்கு வரவில்லை. இந்த அறையில் அவனுக்காக ஒருவர் காத்திருந்ததும் இதுதான் முதல் தடவை.

டப். டப்.

"வந்துட்டேன், வந்துட்டேன்" என்றான். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

அடி நின்றது. உள்ளே யாரோ கையை ஊன்றி மெதுவாக எழுந்தார்கள். சேலை தரையில் உரசி, கதவை நோக்கி வந்தது. அவன் பூட்டில் சாவியை நுழைத்துத் திருகினான்.

கதவைத் தள்ளுவதற்கு முன்பே, உட்பக்கத் தாழ்ப்பாளை யாரோ விலக்குவது கேட்டது.