நரிப்பாறை வளைவின் பச்சை

மழை விட்ட காலையில் ஒச்சம்மா நரிப்பாறை வளைவுக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறி வந்தபோது, கைப்பேசியின் தடவரைபடத்தில் வளைவு பச்சையாகத்தான் இருந்தது. கண்ணெதிரே வளைவில் பாதியைக் காணவில்லை.

சரளைத் தடத்தின் வெளிப்பக்கம் இரண்டு முழம் இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. உள்பக்கம் பாறையை ஒட்டி ஓர் ஆள் தவழும் அகலத்துக்கு மண் மிச்சம். நடுவில் விரிசல். அதற்குள் விழுந்த கூழாங்கல் அடியில் போய்ச் சேரும் சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது. மேல்முனையில் அவள் குறுக்கே போட்டு வைக்கும் மூங்கில் கட்டையையும் மழை அடித்துக்கொண்டு போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து மகள் நறுமுகை கூப்பிட்டாள்.

"அம்மா, பஸ் மேல்முள்ளியிலயே நின்னுருச்சு. ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு. வாடகைச் சைக்கிள் எடுத்துட்டு நரிப்பாறை வழியா எறங்கி வர்றேன். எங்கூட பஸ்ல வந்தவங்க பதினோரு பேரும் வர்றாங்க."

"வேணாத்தா! அங்கயே இரு. வளைவு..."

"பச்சையாத்தாம்மா இருக்கு. மஞ்சு மூடிருக்கு, சிக்னல் விட்டு விட்டு..."

இணைப்பு அறுந்தது. திரும்பத் திரும்ப அழைத்தும் போகவில்லை.

மலையடிவாரத்துத் தடங்களில் இப்போது யாரும் கண்ணை நம்பிச் சைக்கிள் ஓட்டுவதில்லை. கைப்பிடிக்குள் அச்சமானி இருக்கிறது. உள்ளங்கை வியர்வையையும் நாடித்துடிப்பையும் அளந்து, எந்த இடத்தில் எவ்வளவு பயம் என்று அது வரைபடத்துக்குச் சொல்லிவிடும். பலர் பயந்த இடம் சிவப்பு. அங்கே போனால் சக்கரம் மெல்ல இறுகித் தானே பூட்டிக்கொள்ளும். யாரும் பயப்படாத இடம் பச்சை. முன்னால் போனவர்கள் நமக்கும் சேர்த்துப் பயந்து வைத்திருக்கிறார்கள், அப்புறம் நாம் எதற்குப் பயப்பட வேண்டும்? பச்சை விழுந்துவிட்டால் பத்தடி தூரம் தெரியாத மஞ்சுக்குள்ளும் ஆட்கள் பாட்டுப் பாடிக்கொண்டு பறந்தார்கள். விபத்துகள் குறைந்ததும் உண்மைதான்.

நரிப்பாறையில் மட்டும் எல்லாரும் பயந்தார்கள். பயப்பட வேண்டிய இடம்தான் அது. ஆனால் அது சிவப்பாகிவிட்டால் கீழே கூழாங்கரடு ஊருக்கு ஒரு சைக்கிளும் வராது. டீக்கடைகளையும் தங்கும் அறைகளையும் இழுத்து மூட வேண்டியதுதான். ஊர் கூடி யோசித்து ஒச்சம்மாவைப் பிடித்தது. பாவாடை கட்டிய வயதிலிருந்து அந்த வளைவில் புல்லுக்கட்டு சுமந்தவள் அவள். அங்கே அவள் கை வியர்க்காது.

சைக்கிள்காரர்கள் வளைவுக்கு முன்னால் மூங்கில் கட்டையருகே இறங்கிப் பாறைப் படிகள் வழியாக நடந்து போவார்கள். அவர்களுடைய சைக்கிளை ஒச்சம்மா ஓட்டிக்கொண்டு போய் மறுமுனையில் கொடுப்பாள். அச்சமானிக்குச் சைக்கிளைத் தெரியும், கையைத் தெரியாது. இதற்கு ஊரில் 'தாண்டிவிடுதல்' என்று பேர். இரண்டு வருடமாக ஒரு நாளும் பிசகாமல் நடந்தது.

நறுமுகைக்கு மட்டும் இது தெரியாது. தடவரைபட நிலையத்தில் சரிபார்ப்பாளராக இருக்கிற மகளிடம் எப்படிச் சொல்வது? ஊரே வாயை மூடிக்கொண்டது, அம்மாவும் மூடிக்கொண்டாள்.

மேல்முள்ளியிலிருந்து வளைவுக்கு இருபது நிமிட இறக்கம். ஒச்சம்மா தன் சைக்கிளை வளைவின் கீழ்முனைக்கு உருட்டிக்கொண்டு போய், விரிசலைப் பார்த்தபடி இரண்டு கையாலும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். கைகள் சொதசொதவென்று ஈரம். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த இடத்தில் அவளுக்கு வியர்த்தது. "பாரு, நல்லாப் பாரு. பயமா இருக்கு. சிவப்பாக்கு" என்று அச்சமானியிடம் கெஞ்சினாள்.

கைப்பிடியிலிருந்து கனிவான குரல் வந்தது. "இந்த இடத்தை 4,112 பயணிகள் துளியும் அச்சமின்றிக் கடந்திருக்கிறார்கள். இது அமைதித் தகுதி பெற்ற தடம். உங்கள் அச்சத்துக்குக் காரணம் இல்லை. மூச்சை மெதுவாக விடுங்கள். முன்னே செல்லலாம்."

அந்த 4,112 பேரும் அவள்தான்.

சைக்கிளை அங்கேயே போட்டாள். பாறைப் படிகளும் சரிந்து கிடந்தன. பாறையில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு, மிச்ச மண்ணில் முழங்காலிட்டுத் தவழ்ந்தாள். பாதி வழியில் அவளுக்குக் கீழே இருந்த மண் பெருமூச்சு விட்டதுபோல் அசைந்தது. கத்தக்கூடப் பயமாக இருந்தது. மறுமுனையை எட்டியதும் எழுந்து, மஞ்சுக்குள் மேட்டைப் பார்த்து ஓடினாள்.

நூறடி போயிருப்பாள். எதிரே சரளை நெரிபடும் சத்தம், வேகமாக. ஒச்சம்மா நடுத்தடத்தில் கையை விரித்து நின்று அலறினாள். மஞ்சைக் கிழித்து வந்த சைக்கிள் அவளைப் பார்த்துத் தடுமாறி, சறுக்கி, ஓரத்தில் போய் விழுந்தது.

"அம்மாவா? என்னம்மா இது, பேய் மாதிரி! உசுரே போச்சு!" நறுமுகையின் முழங்கை கிழிந்திருந்தது.

"வளைவு போச்சுத்தா. பாதி போச்சு."

"பச்சைன்னு காட்டுதே. நாலாயிரம் பேரு..."

"அந்த நாலாயிரம் பேரும் நாந்தான்."

மூச்சு வாங்க, ஒச்சம்மா எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க மகளின் முகம் வெளிறியது.

"அமைதித் தகுதி குடுத்ததே நாந்தாம்மா" என்றாள். "ஒருத்தர்கூடப் பயப்படலையேன்னு ஆச்சரியப்பட்டேன். நம்மூருன்னு பெருமையா வேற இருந்துச்சு. வந்து பாக்கணும்னு தோணல."

மேலே மஞ்சுக்குள் மணிகள் கிணுகிணுத்தன. யாரோ சிரித்தார்கள்.

"தகுதி குடுத்ததால முந்நூறு பேரு பயந்தாத்தான் வளைவு சிவப்பாகும்" என்றாள் நறுமுகை அவசரமாக. "ஆனா இந்த எடத்துக்குத் தகுதி கிடையாது. இங்க மூணு பேரு பயந்தாலே பூட்டிரும். இப்ப என் பயம் ஒண்ணு விழுந்திருச்சு. இன்னும் ரெண்டு வேணும்."

"சொன்னாக் கேக்க மாட்டாகளா?"

"பச்சை விழுந்தப்புறம் யாரும்மா கேக்குறா? நானே கேட்டேனா? பயமுறுத்தும்மா!"

ஒச்சம்மா கொண்டையை அவிழ்த்துவிட்டாள். ஓரத்தில் கிடந்த மொட்டைக் கிளையைத் தூக்கிக்கொண்டாள். முதல் உருவம் மஞ்சிலிருந்து வெளிப்பட்டதும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு அதன்மேல் பாய்ந்தாள். பருத்த மனிதர் ஒருவர் சைக்கிளோடு சரளையில் உருண்டார். அவருக்குப் பின்னால் வந்த பெண் வீறிட்ட வீறலில் பாறை எதிரொலித்தது. மேலே ஒன்றன்பின் ஒன்றாகச் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும் ஓசை கேட்டது. மணிகள் நின்றன.

கீழே விழுந்தவர் வாய்க்கு வந்தபடி ஏசினார். ஒச்சம்மா அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

அவ்வளவோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நறுமுகை உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தாள். நாலாயிரம் பேருடைய அனுபவத்தை ஒரு தாயும் மகளும் பொய்யென்று சொன்னால் எப்படி ஏற்பது என்று நிலையம் பதில் எழுதி, அவளை ஓய்வெடுக்கச் சொன்னது. ஊர்க்காரர்கள் தடத்தில் முள் வெட்டிப் போட்டார்கள். பச்சைத் தடத்தை மறிப்பது குற்றமென்று நிலையத்து ஆட்கள் வந்து எடுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அவர்களும் வளைவு வரை போய்ப் பார்க்கவில்லை. வரைபடத்தில்தான் தெரிகிறதே! வளைவு பச்சை. அதற்கு நூறடி மேலே ஒரு சிவப்புப் புள்ளி. காரணம்: ஒரு பெண்.

சிவப்பு ஏழு நாளில் வெளிறிவிடும். எட்டாம் நாள் தடத்தைச் சோதிக்க வரைபடம் மூன்று சைக்கிள்களை மட்டும் உள்ளே விடும். மூவரும் பயந்தால் மறுபடி ஏழு நாள் பூட்டு. அதனால் எட்டு நாளுக்கு ஒருமுறை ஒச்சம்மா தலையை விரித்துப்போட்டு, கிளையோடு அங்கே போய் நின்றாள்.

ஐந்தாவது முறை, முதல் இருவரும் அலறி விழுந்தார்கள். மூன்றாவதாக வந்த கண்ணாடிக்காரர் அவள் பாய்ந்ததும் நிதானமாகப் பிரேக் பிடித்துச் சிரித்தார்.

"நீங்கதான அந்தப் பயமுறுத்துற அம்மா? கேள்விப்பட்டிருக்கேன். ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"

ஒச்சம்மா இன்னும் கத்தினாள். கிளையால் சரளையை அடித்தாள். அவர் ரசித்துப் பார்த்தார். கைப்பிடியில் பச்சை விளக்கு எரிந்தது.

"சரி, ஒதுங்கிக்கங்கம்மா. வழி விட்டுருச்சு."

அவர் காலை மிதியில் வைத்தார். ஒச்சம்மாவுக்கு விரிசலுக்குள் விழுந்த கல்லின் சத்தம் காதில் கேட்டது. கிளையை எறிந்துவிட்டு அவருடைய கைகளைத் தட்டிவிட்டு, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கைகள் நனைந்திருந்தன, நாடி தெறித்தது. அச்சமானிக்குச் சைக்கிளைத் தெரியும், கையைத் தெரியாது. விளக்கு சிவந்தது. சக்கரம் இறுகியது.

"என்ன பண்ணீங்க? நான் பயப்படலையே!" என்றார் அவர் திகைத்து.

"ஒங்களுக்கும் சேத்து நான் பயந்துட்டேன்யா. வந்த வழியே திரும்பிப் போங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளைத் தூக்கிச் சுமந்து மேடேறினார். ஒச்சம்மா தடத்தோரக் கல்லில் உட்கார்ந்து கைகளை விரித்துப் பார்த்தாள். இனி இதுதான் வழி. எட்டு நாளைக்கு ஒருமுறை இங்கே வந்து, வியர்த்த கையால் யாருடைய கைப்பிடியையாவது பிடிக்க வேண்டும்.

காற்றில் ஈரம் மெல்லக் காய்ந்தது. வலது கை முழுக்கக் காய்ந்துவிட்டது. ஒரு காலத்தில் அந்த வளைவும் இப்படித்தான் பழகிப்போனது என்று அவளுக்கு நினைவு வந்தது. இந்த இடமும் பழகிவிட்டால்?

அவசரமாகக் கையைப் புடவையில் துடைத்து, மறுபடி வியர்க்கிறதா என்று விரித்துப் பார்த்தாள்.